மணிக்கட்டு வயது

குதிகால் வெடிப்புக்குள் உப்புத்தண்ணீர் இறங்கிவிட்டால் எரிச்சல் முட்டி வழியாக ஏறி இடுப்பில் வந்து உட்கார்ந்துகொள்ளும். அதற்கப்புறம் நின்றாலும் வலிதான், குத்தவைத்தாலும் வலிதான். ஜெபக்கனி அன்று இருட்டோடு போய் நாலு பாத்தி உப்பு வாரிப்போட்டுவிட்டு, காலைக்கூடக் கழுவாமல், மகள் மகிமாவைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து வரிசையில் நின்றாள். ஜூன் ஒன்றாம் தேதி. முதல்படி மையத்தில் பிள்ளை சேர்க்கும் நாள். வருஷத்துக்கு ஒரே ஒரு நாள்தான்.

முதல்படி என்பது அரசாங்கம் வைத்த பெயர். தூத்துக்குடிக்குத் தெற்கே உப்பளத்துக்காரர்கள் அதை இன்னும் பால்வாடி என்றுதான் சொன்னார்கள். பழைய பால்வாடி மாதிரி ஒழுகும் கட்டடம் இல்லை அது. குளிர்ந்த அறை, காலையில் பால், மதியம் முட்டை, ஒரு டீச்சருக்குப் பத்துப் பிள்ளை. அங்கே படித்து முடித்த பிள்ளைக்கு டவுனில் உள்ள மாதிரிப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு நேராகக் கிடைக்கும். மற்றப் பிள்ளைகளுக்குப் பஞ்சாயத்துக் கட்டடத்தில் திரை வகுப்பு. திரையில் ஒரு வாத்தியார் நாலாயிரம் பிள்ளைகளுக்கு ஒரே நேரத்தில் பாடம் நடத்துவார். இங்கே கையைத் தூக்கினால் அவருக்குத் தெரியாது. அந்த வகுப்புக்குப் போன பிள்ளைகள் பன்னிரண்டு வயதுக்குள் உப்பு வாரும் பலகையோடு பாத்திக்குள் நிற்கும். ஜெபக்கனி அப்படி நின்றவள்தான்.

வரிசையில் அவளுக்கு முன்னால் பாக்கியத்தாய், தன் மகள் ஜெனிட்டாவோடு நின்றாள். ஒரே அளத்தில் வேலை. வாய் கொஞ்சம் நீளம்.

"ஏட்டி, இங்கனயும் முக்காட்டப் போட்டுத்தான் தூக்கிட்டு வந்திருக்க. உன் பிள்ள முகத்த சூரியன் ஒருநாளாவது பாத்திருக்கா?" என்றாள் பாக்கியத்தாய்.

"கண்ணு கூசும்லாக்கா."

"என் சிறுக்கியப் பாரு, கருவாடாக் காயுதா. ஒண்ணும் கெட்டுப்போகல."

ஜெனிட்டா அம்மணமாக வரப்பில் ஓடி வளர்ந்தவள். மகிமா அப்படி இல்லை. உப்பு விளையும் காலத்தில் பாத்தி முழுக்க வெள்ளையாகத் தகதகக்கும். வெயில் மேலிருந்து ஒரு தடவையும் கீழிருந்து ஒரு தடவையும் அடிக்கும். ஜெபக்கனியின் அம்மாவுக்கு அந்த வெளிச்சம் நாற்பத்தாறு வயதில் இரண்டு கண்ணையும் எடுத்துக்கொண்டது. அதனால் மகள் பிறந்ததும் அவள் செய்த முதல் காரியம், நாலைந்து பழைய குடைகளின் துணியைப் பிரித்து, இரண்டு மடிப்பாகத் தைத்து, உப்பு அம்பாரம் போடும் மேட்டில் ஒரு கூடு கட்டியதுதான். முன்னால் கறுப்புத் துணி தொங்கும். காலையிலிருந்து பொழுது சாயும்வரை மகிமா அதற்குள்தான். வேலைக்கு நடுவே தண்ணீர் கொடுக்கப் போகும்போது ஜெபக்கனி துணியை ஒரு கை அகலத்துக்கு மேல் விலக்கமாட்டாள். பிள்ளையின் கண் இரண்டும் தெளிந்து பளபளவென்று இருக்கும். அதைப் பார்க்கிறபோது அவளுக்குக் கால் எரிச்சல் மறந்துபோகும்.

உள்ளே மேசைமேல் பெட்டி இருந்தது. சோற்றுப்பானை அளவில் வெள்ளைப் பெட்டி. முன்னால் ஒரு துவாரம். பிள்ளையின் கையை மணிக்கட்டு வரை உள்ளே விட்டால் பச்சை வெளிச்சம் ஓடும். பிறகு பெட்டி பேசும்.

ஜெனிட்டாவின் கை உள்ளே போனது. "அன்புக் குழந்தையே, உன் வயது மூன்று வருடம் ஒரு மாதம். வருக" என்றது பெட்டி, பெண் குரலில். ஜெனிட்டாவுக்குத் தேதிப்படி இரண்டரை வயதுதான். பாக்கியத்தாய் வாயைப் பொத்திக்கொண்டு நகர்ந்துவிட்டாள்.

மகிமா கையை விட்டாள். வெளிச்சம் ஓடியது.

"அன்புக் குழந்தையே, உன் வயது இரண்டு வருடம் ஐந்து மாதம். அடுத்த ஆண்டு வா."

"டீச்சர், இது தப்பாச் சொல்லுது" என்றாள் ஜெபக்கனி. "பிள்ளைக்கு மூணு முடிஞ்சு மூணு நாளாச்சு. மே இருபத்தொம்பது. சர்ட்டிபிகேட் கொண்டாந்திருக்கேன்."

வள்ளிநாயகி டீச்சர் கெட்டவள் இல்லை. மூன்று வருஷமாக அந்த மையத்தை நடத்துகிறவள். சொந்தக் காசில் பிள்ளைகளுக்குச் செருப்பு வாங்கிப் போடுகிறவள்.

"சர்ட்டிபிகேட்ட மடிச்சு வையி ஜெபக்கனி. அத நான் பாக்கக்கூடாது. மூணு முடிஞ்சிருக்கா இல்லையான்னு பெட்டி சொன்னாத்தான் உண்டு."

"பெத்த எனக்குத் தெரியாதா?"

"தேதிய வச்சுச் சேத்த காலத்துல என்ன நடந்துச்சு தெரியுமா? டவுன்காரவ ஆபீஸ்ல கொடுக்கவேண்டியதக் கொடுத்து, ரெண்டு வயசுப் பிள்ளைக்கு மூணுன்னு எழுதி வாங்கிட்டு வந்தாவ. உங்க அளத்துப் பிள்ளைகள்ல பாதிக்குச் சர்ட்டிபிகேட்டே கிடையாது. இடம் பூரா அவுகளுக்குப் போச்சு. நீங்க வெளிய நின்னிய. எலும்பு பொய் சொல்லாதுன்னுதான் இந்தப் பெட்டி வந்துச்சு. உங்களுக்காகத்தான் வந்துச்சு."

"எலும்புல எங்கன டீச்சர் வயசு எழுதியிருக்கு?"

டீச்சர் மகிமாவின் மணிக்கட்டைப் பிடித்துக் காட்டினாள். "இதுக்குள்ள சின்னச் சின்னதா எட்டு எலும்பு உண்டு. பிறக்கும்போது எலும்பா இருக்காது, வெறும் குருத்து. வயசு ஏற ஏற ஒவ்வொண்ணா முத்தும். எது எது முத்தியிருக்குன்னு பெட்டி பாக்கும். உன் பிள்ளைக்கு இன்னும் முத்தல. என்ன, ஒரு வருசம்தான. ஓடிப்போயிரும்."

ஜெபக்கனி மகளைத் தூக்கிக்கொண்டு அளத்துக்கே திரும்பிப் போனாள். தாலி கட்டியவன் குஜராத் உப்பளத்துக்குப் போய் இரண்டு வருஷம். போனில் குரல் வரும், ஆள் வரமாட்டான். வீட்டில் விட்டுவிட்டு வர யாரும் இல்லை. மகிமா மறுபடி கூட்டுக்குள் போனாள். போகும்போது கேட்டாள்: "எம்மா, அந்தப் பெட்டி என்ன அன்புக் குழந்தைன்னு சொல்லிச்சுல்லா?"

"ஆமா."

"எனக்கு ரெண்டு வயசா?"

"மூணு."

"பெட்டி ரெண்டுன்னுச்சே" என்றாள் பிள்ளை. அதை அவள் விடவில்லை. அப்புறம் யார் கேட்டாலும் இரண்டு விரலைத்தான் காட்டினாள்.

அந்த வருஷம் ஜெனிட்டா தினமும் நீலச் சட்டை போட்டு மையத்து வண்டியில் ஏறிப் போனாள். மகிமா கூட்டின் துணி இடுக்கு வழியாக அதைப் பார்ப்பாள். மழைக்காலம் வந்து அளம் மூடி, தை பிறந்து மறுபடி திறந்து, பாத்தி கட்டி, உப்பு விளைந்து, ஜூன் வந்தது.

"அன்புக் குழந்தையே, உன் வயது இரண்டு வருடம் பத்து மாதம். அடுத்த ஆண்டு வா."

இந்தத் தடவை ஜெபக்கனி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஒரு வருஷம் முழுக்கப் போயும் பிள்ளைக்கு ஐந்து மாதம்தான் ஏறியிருந்தது. பின்னால் நின்ற பெண்கள் அவளைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

கூட்டம் கலைந்த பிறகு டீச்சர் அவள் பக்கத்தில் வந்து அமர்ந்தாள். கையில் பெட்டி துப்பிய சீட்டு இருந்தது. போன வருஷமும் இந்தச் சீட்டு வந்தது, யாரும் வாசிக்கவில்லை.

"ஜெபக்கனி, பிள்ளைக்கு என்ன சோறு போடுத?"

"நான் குடிக்கிற கஞ்சிதான். என்னைக்காவது கருவாடு."

"வெயில்ல விளையாடுவாளா?"

"வெயில்லயா? ஒரு பொட்டு வெயில் படவிடமாட்டேன் டீச்சர். குடைத்துணியில கூடு தச்சு வச்சிருக்கேன். கறுப்புத் துணி, ரெண்டு மடிப்பு." சொல்லும்போது அவள் குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

டீச்சர் சீட்டை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

"எலும்பு முத்துததுக்குச் சோறும் வேணும், வெயிலும் வேணும். மேல் தோல்ல வெயில் பட்டாத்தான் எலும்புக்குச் சத்து ஏறும். இந்தச் சீட்டுல அதுதான் போட்டிருக்கு. பிள்ளைக்கு வெயிலே படல."

ஜெபக்கனி வெளியே பார்த்தாள். ஜன்னலுக்கு அப்பால் கண்ணுக்கு எட்டின மட்டும் வெயில். வெயிலை வைத்தே பிழைக்கிற ஊர். தண்ணீரை வெயிலில் போட்டு உப்பாக்கி விற்கிற ஊர்.

"நாந்தான் செஞ்சேனா?"

"நீ செய்யல. பெட்டிக்கு அதெல்லாம் தெரியாது. சரியா முத்தாத எலும்பக் கண்டா, பிள்ளை இன்னும் சின்னதுன்னு நெனைச்சுக்கிடும். மூணு முடிஞ்ச பிள்ளை பட்டினி கெடக்குன்னு அதுக்குச் சொல்லத் தெரியாது."

"அப்ப பட்டினி கெடக்கிற பிள்ளைய உள்ள சேத்துச் சோறு போடணும்லா டீச்சர். வெளிய தள்ளுனா அது எப்படி முத்தும்?"

டீச்சர் சீட்டை மேசைமேல் வைத்தாள். "அஞ்சு வயசு வரைக்கும் இடம் உண்டு. இன்னும் ஒரு ஜூன் இருக்கு" என்றாள்.

அந்த ஒரு ஜூனுக்காக ஜெபக்கனி கூட்டைப் பிரித்தாள். குடைத்துணியைக் கிழித்துக் காலில் சுற்றிக்கொண்டாள். மகிமா வரப்பில் விடப்பட்டாள். முதல் நாலு நாள் வெளிச்சம் தாங்காமல் கண்ணை இறுக மூடிக்கொண்டு, கையால் தரையைத் தடவித் தடவி நடந்தாள். பிறகு முழங்கைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். ஜெபக்கனி தலையில் உப்புச் சுமட்டோடு அவளைக் கடந்து போனாள், திரும்பி வந்தாள், மறுபடி கடந்து போனாள்; தூக்கவில்லை.

பாக்கியத்தாய் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒரு நாள் சாளை மீன் நாலைந்தை இலையில் சுற்றிக்கொண்டு வந்து ஜெபக்கனியின் தூக்குவாளிக்குப் பக்கத்தில் வைத்தாள். பாக்கியத்தாயின் புருஷன் கடலுக்குப் போகிறவன்.

"என்னக்கா இது?"

"பிள்ளைக்குப் பொரிச்சுக் கொடு. முள்ளோட தின்னச் சொல்லு. நான் அறிவா செஞ்சேன்னு நெனைக்காத. என் சிறுக்கியத் தூக்கச் சோம்பப்பட்டு வெயில்ல போட்டேன், வீட்ல வேற கறி இல்லாம மீனக் கொடுத்தேன். நீ பொத்திப் பொத்தி வளத்த. யாரு கண்டா."

மீன் வாரம் இரண்டு தடவை வந்தது. மகிமா கறுத்தாள். கை கால் சற்று உரமானது. ஓடினாள், விழுந்தாள், எழுந்தாள். கண் மட்டும் எந்நேரமும் நீர் கோத்துச் சிவந்தே இருந்தது. தூரத்தில் வருகிற மையத்து வண்டியை முன்பெல்லாம் முதலில் பார்த்துச் சொல்பவள், இப்போது சத்தம் கேட்ட பிறகுதான் திரும்பினாள். ஜெபக்கனி அதைக் கவனித்தாள். கவனித்துவிட்டு, சும்மா இருந்தாள். எலும்புக்காகக் கண்ணைக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம் என்று அவளுக்குத் தெரிந்துதான் இருந்தது. உள்ளே போய்விட்டால் கண்ணைப் பார்த்துக்கொள்ளலாம். உள்ளே குளிர்ந்த அறை.

மூன்றாவது ஜூன் ஒன்று. மகிமா தானே முன்னால் போய்க் கையை விட்டாள். வெளிச்சம் ஓடியது.

"அன்புக் குழந்தையே, உன் வயது மூன்று வருடம் எட்டு மாதம். வருக."

பெட்டிக்குள் கைதட்டும் சத்தம் கேட்டது. மகிமாவும் கைதட்டினாள். ஜெபக்கனி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். டீச்சர் சிரித்துக்கொண்டே மேசைமேல் இருந்த திரையில் பெயரை எழுதினாள். எழுதி முடித்துப் பொத்தானை அழுத்தினாள். திரை சிவப்பானது. மறுபடி அழுத்தினாள். மறுபடியும் சிவப்பு.

"என்ன டீச்சர்?"

"சர்ட்டிபிகேட் கொண்டாந்தியா?"

இரண்டு வருஷமாக யாரும் கேட்காத சர்ட்டிபிகேட். ஜெபக்கனி பைக்குள்ளிருந்து எடுத்துக் கொடுத்தாள். டீச்சர் தேதியைப் பார்த்தாள். விரல் விட்டு எண்ணினாள்.

"அஞ்சு முடிஞ்சு மூணு நாளாயிருச்சு ஜெபக்கனி."

"பெட்டி இப்பத்தான மூணுன்னு சொல்லிச்சு."

"மூணு முடிஞ்சிருக்கான்னு பாக்கத்தான் பெட்டி. அஞ்சு தாண்டலையான்னு பாக்கத் தேதி. அஞ்சு முடிஞ்ச பிள்ளை சட்டப்படி பள்ளிக்கூடத்துப் பிள்ளை. அந்தச் சட்டத்துல எலும்புன்னு இல்ல, பிறந்த தேதின்னுதான் இருக்கு."

ஜெபக்கனி சர்ட்டிபிகேட்டைத் திரும்ப வாங்கி மடித்தாள்.

"அப்ப சின்னதுன்னு தள்ளுததுக்கு எலும்பு. பெருசுன்னு தள்ளுததுக்குத் தேதி."

"ரெண்டும் வேற வேற ஆபீஸ்ல போட்ட உத்தரவு" என்றாள் டீச்சர். அவளுக்கே கேட்காத குரலில் சொன்னாள்.

"ஏன் டீச்சர், என் பிள்ளை சரியான வயசுல எப்பத்தான் இருந்தா?"

டீச்சர் சிவப்புத் திரையை அணைத்தாள்.

டாக்டர் சொன்ன கணக்குப்படி மகிமா ஜூன் பத்தாம் தேதி பிறந்திருக்க வேண்டியவள். அந்த மே மாதம் மழை வரப்போகிறது என்று அளத்துக் கணக்கப்பிள்ளை விரட்டினார். ஜெபக்கனி நிறைவயிற்றோடு ஒரே நாளில் நூறு சுமடு தூக்கினாள். அன்று சாயங்காலம் உப்பைக் கொட்டும் தட்டுமேட்டிலேயே வலி எடுத்தது. பன்னிரண்டு நாள் முந்திவிட்டது. அன்று உட்கார்ந்திருந்தால் பிள்ளைக்கு இன்று ஐந்து முடிந்திருக்காது. இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் நீயேதான் காரணம் என்பார்கள்.

மேலதிகாரிகளுக்கு மனுவை டீச்சர்தான் எழுதிக் கொடுத்தாள். நாலு பக்கம். மூன்று வருஷத்துச் சீட்டும் இணைத்தாள். "என் வேலைக்கு ஆபத்து வந்தாலும் வரட்டும்" என்று சொல்லிக் கீழே தன் பெயரையும் போட்டாள்.

ஐப்பசியில் பதில் வந்தது. காகிதமாக வரவில்லை, ஆளாகவே வந்தது. முதல்படி ஆபீஸ்காரன், முப்பது வயதுக்குள் இருப்பான். மழை பிடித்து அளம் எல்லாம் குளமாகிக் கிடந்தது. செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு சேற்றில் நடந்து வந்து, ஜெபக்கனி வீட்டுக்குள் பலகையில் உட்கார்ந்தான். டீச்சரும் கூட வந்திருந்தாள். பாக்கியத்தாய் கூப்பிடாமலே வந்து வாசல் நிலையில் சாய்ந்து நின்றாள்.

"அம்மா, உங்க மனு மேல வரைக்கும் போயிருச்சு" என்றான் அவன். "நாங்க பூராவும் சரிபார்த்தோம். தப்பு எங்க பக்கம்தான்."

"பெட்டி ரிப்பேரா தம்பி?"

"பெட்டி நல்லாத்தான் இருக்கு. இந்த வயசுக்கு எலும்பு இவ்வளவு முத்தியிருக்கணும்னு அதுக்கு ஒரு பட்டியல் கொடுத்திருக்கோம். அந்தப் பட்டியல யாரு எலும்ப வச்சுப் போட்டாங்கன்னு இப்பத்தான் தேடிப் பார்த்தோம்." செருப்பைத் தரையில் வைத்தான். "ஏற்கெனவே மையத்துல சேர்ந்து பாலும் முட்டையும் சாப்பிட்ட பிள்ளைங்க எலும்ப வச்சுப் போட்டிருக்காங்க. கைக்கு லேசாக் கிடைச்ச பிள்ளைங்க அவங்கதான்."

"சோறு போட்டப்புறம் வார எலும்ப, சோறு போடுததுக்கு முன்னால கேட்டிருக்கிய" என்றாள் ஜெபக்கனி.

அவன் தலைகுனிந்தான். "ஆமாம்மா."

"அதுக்கு இப்ப என்ன செய்யப் போறிய?"

"அடுத்த ஜூன்ல இருந்து அளம், செங்கல் சூளை, கல்குவாரி, இங்க எல்லாம் பெட்டி கிடையாது. சர்ட்டிபிகேட் இருந்தா தேதி. இல்லன்னா டீச்சர் நேர்ல பார்த்துச் சொன்னாப் போதும். உத்தரவு வந்திருச்சு. உங்க மனுவாலதாம்மா வந்துச்சு. நூத்துக்கணக்குல பிள்ளைங்க உள்ள வரும்."

"மகிமா?"

அவன் பையிலிருந்து ஒரு சின்னத் திரையை எடுத்துப் பார்த்தான். அதில் பதில் இல்லை என்பது அவனுக்கு வருவதற்கு முன்பே தெரிந்திருந்தது.

"அவளுக்கு அஞ்சு முடிஞ்சிருச்சும்மா. திரை வகுப்புல பெயர் பதிஞ்சு கொடுத்திருக்கேன். வர்ற திங்கக்கிழமையில இருந்து போகலாம்."

"திரை வகுப்பா?" என்றாள் வாசலிலிருந்து பாக்கியத்தாய். "அந்தப் பிள்ளைக்கு எதிர்ல நிக்கிற ஆடே மங்கலாத்தான் தெரியுது. திரைய எங்கன பாக்கும்?"

டீச்சர் மகிமாவைப் பக்கத்தில் இழுத்து முகத்தை நிமிர்த்திப் பார்த்தாள். கண்ணிமை ஓரம் புண்ணாகியிருந்தது. மகிமா சுருக்கிச் சுருக்கி விழித்தாள்.

அந்த ஆள் எழுந்து போகவும் முடியாமல், உட்காரவும் முடியாமல், ஏதாவது பேச வேண்டுமே என்று குழந்தையிடம் கேட்டான்: "பாப்பா, உனக்கு வயசு என்ன?"

"மூணு" என்றாள் மகிமா. விரலும் காட்டினாள். "பெட்டி சொல்லிச்சு. கைதட்டுச்சு."



அவன் திரையை ஜெபக்கனி பக்கம் நீட்டினான். "இந்தக் கட்டத்துல ஒரு கைரேகை வேணும்மா."

"என்ன போட்டிருக்கு?"

"குறை தீர்ந்ததுன்னு."

"வைக்கலன்னா?"

"மனு திறந்தே கிடக்கும். ஒவ்வொரு மாசமும் மேல இருந்து எங்களக் கேட்டுக்கிட்டே இருப்பாங்க. பாக்கி என்னன்னு கேட்பாங்க."

ஜெபக்கனி தன் கட்டைவிரலைப் பார்த்தாள். உப்பு அரித்து ரேகை பாதி அழிந்துபோன விரல். அதைச் சேலையில் துடைத்து மடக்கி உள்ளங்கைக்குள் வைத்துக்கொண்டாள்.

"கேக்கட்டும். பாக்கி என்னன்னு நான் சொல்லுதேன், நீங்க அப்படியே எழுதுங்க."

"இதுல அதுக்குன்னு கட்டம் இல்லம்மா."

"எங்கனயாவது எழுதுங்க தம்பி."

வெளியே மழை வலுத்தது. அவன் கொஞ்சம் தயங்கி, குறிப்பு என்று இருந்த இடத்தில் விரலை வைத்தான். அவள் சொல்லச் சொல்ல எழுதினான். எழுதியதை ஒரு தடவை வாசித்தும் காட்டினான்.

மகிமாவுக்கு அரசாங்கம் இரண்டு வருஷம் தர வேண்டும். இன்னும் தரவில்லை.